பேட்டரிக்கு ஆயுள் தேடிய எடிசன்

லேப்டாப் பேட்டரி சீக்கிரமே வீக் ஆகிவிடுகிறதா? இந்தத் தலைவலி தாமஸ் ஆல்வா எடிசனுக்கும் இருந்தது.

1847-ல் அமெரிக்காவில் பிறந்த எடிசன், பல்புக்குப் பிறகு மின்சார கார் பேட்டரியில் இறங்கினார். அப்போதிருந்த ஈய-அமில பேட்டரி ரொம்ப கனம்; ஆயுளும் குறைவு. அதற்கு மாற்றாக நிக்கல், இரும்பு கொண்டு ஒன்றைத் தயாரித்தார். விற்பனைக்கு வந்ததும் அது கசிந்தது, சார்ஜும் நிற்கவில்லை. எடிசன் சப்பைக்கட்டு கட்டவில்லை. 1904-ல் உற்பத்தியை நிறுத்தி, விற்றதைத் திரும்பப் பெற்றார்.

1909-ல் வந்த புது பேட்டரி பல ஆண்டுகள் உழைத்தது. ஆனால் ஃபோர்டின் பெட்ரோல் கார் 1908-லேயே வந்துவிட்டது! ரயில்வே சிக்னல்களும் சுரங்க விளக்குகளும்தான் எடிசன் பேட்டரிக்குக் கைகொடுத்தன. 1931-ல் மறைந்தார்.

இன்றைய லித்தியம்-அயான் பேட்டரிக்கு சூடும், எந்நேரமும் 100% சார்ஜும் ஆகாது. 80%-ல் நிறுத்தினால் ஆயுள் கூடும்.