நேரம் தவறாத மனுஷர்

குற்றால சீசன்ல செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏறுற பழைய அம்பாசடர் பக்கத்துல நின்னிருக்கீங்களா? மூணாவது கியர்ல திணறும்போது இன்ஜின் டக்டக்னு தட்டும். பிளக்கில் பொறி தேவைக்கு முந்தி வருதுன்னு அர்த்தம். டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, கொஞ்சமே கொஞ்சம் திருப்பி டைமிங்கைப் பின்னுக்கு வைத்தால் சத்தம் அடங்கும்.

இதே டைமிங்கை முன்னுக்குத் தள்ள வேண்டி வந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கதையின் நாயகர் நம்ம மலைத்தொடரின் அடிவாரத்தில், திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர்: டி.வி. சுந்தரம் ஐயங்கார்.

வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று எல்லாம் பார்த்துவிட்டு, நிலையான வருமானத்தை உதறினார். 1911-இல் மதுரையில் கம்பெனி தொடங்கி பஸ் ஓட்டினார். ரோட்டில் உதிர்ந்து கிடக்கும் லாட ஆணிகள் டயரைக் கிழித்தன. காந்தம் கட்டிய வண்டியை விட்டு அவற்றைப் பொறுக்க வைத்தார் என்பார்கள். காரணம் ஒன்றுதான்: பஸ் நேரத்துக்குப் போகணும். வீட்டிலும் ஊர் வாய்க்கு அஞ்சவில்லை. இளம் வயதில் கணவரை இழந்த மகள் சௌந்தரம் டாக்டருக்குப் படித்தார். பின்னாளில் காந்திகிராமத்தை உருவாக்கினார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் நின்றால் சந்தைக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எல்லாரும் நிற்பார்கள். அறுபதைத் தாண்டிய ஐயங்காரின் கம்பெனி, அடுப்புக்கரியை எரித்து வாயு எடுக்கும் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்டைச் செய்தது.

இங்கேதான் நீங்க கவனிக்கணும். கரிவாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன், அது எரியாது. மீதியில் முக்கியமாக எரிவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். அதனால் சுடர் மெதுவாகப் பரவும். பெட்ரோலுக்கு வைத்த டைமிங்கில் ஓட்டினால், பிஸ்டன் கீழே இறங்கும்போதும் வாயு எரிந்துகொண்டே இருக்கும், இழுவை போச்சு. ஆகவே பொறியை இன்னும் சில டிகிரி முன்னாடி கொடுக்கணும். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், பாடியை 5 டிகிரி திருப்பினால் கிராங்க்கில் 10 டிகிரி மாறும். எவ்வளவு சரிபண்ணினாலும் பெட்ரோல் தந்த சக்தி முழுசா வராது. ஏற்றத்தில் வண்டி முனகும். ஆனா ஓடும்.

ஐயங்கார் 1955-இல் கொடைக்கானலில் காலமானார். ஆறு வருஷம் கழித்து, 1961-இல் உருவான லூகாஸ் டி.வி.எஸ்., நம்ம நாட்டுக் கார்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் செய்து கொடுத்தது.

அடுத்த தடவை லேப்ல டைமிங் லைட்டைப் பிடிக்கும்போது இதை நினைச்சுக்கோங்க. எந்த இன்ஜினுக்கும் நிரந்தரமான சரியான டைமிங் கிடையாது. எரிபொருள் மாறினால் அதுவும் மாறணும். அவர் மாற்றாதது பஸ் கிளம்புற நேரத்தை மட்டும்தான்.