கைத்துப்பாக்கியிலிருந்து கம்பன் வரை
(வ. வே. சு. ஐயரின் வாழ்க்கை)

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

நம் மாவட்டத்து மாணவன் பெரியோர் வரலாறு எழுதப் புகுந்தால், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியைப் பற்றி எழுதுவதே வழக்கம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது என் தாய்மாமன் வாங்கப் போன ஒரு கைத்துப்பாக்கி.

மாமா இராணுவத்தில் பதினேழு ஆண்டுகள் பணிபுரிந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இப்போது ஓசூரில் பணம் ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் காவல் செல்கிறார். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் உள்ள காவலருக்குச் சம்பளம் கூடுதல். நடையாய் நடந்து உரிமம் வாங்கினார். கடைக்குப் போகும்போது என்னையும் உடன் அழைத்துக்கொண்டார். துப்பாக்கியோடு தரும் ஆங்கிலக் குறிப்பேட்டைப் படித்துச் சொல்ல எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இயற்பியல் படிப்பவனுக்குத் துப்பாக்கி தெரியாதா என்பது அவருடைய நம்பிக்கை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நியூட்டனின் மூன்றாம் விதி மட்டுமே!

கடைக்காரர் எடுத்து வைத்தது .32 அங்குலக் கைத்துப்பாக்கி. நம் நாட்டுப் படைக்கலத் தொழிற்சாலையில் செய்தது. உடல் முழுதும் உலோகம். உள்ளங்கையை விடச் சற்றே பெரிது. மாமா அதைக் கையில் வாங்கியதும் முதலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றினார். பிறகு மேல் உறையைப் பின்னுக்கு இழுத்து, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டார். கடைக்காரர் முன்பே காட்டியிருந்தும் அவர் விடவில்லை. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். சுருள்வில்லின் இறுக்கம், விசையின் கனம், பூட்டு விழும் சத்தம், பிடி கைக்குள் அடங்கும் விதம் என்று அரைமணி நேரம் சோதித்தார். கடைசியில், சுட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டார். கடையில் அதற்கு இடமில்லை. ஏர் பூட்டிப் பார்க்காமல் காளை வாங்குவதா என்று முணுமுணுத்துக்கொண்டே, யோசித்து வருவதாகக் கூறி எழுந்துவிட்டார். விலையும் அவருடைய பல மாத ஓய்வூதியம்.

அந்தத் தோட்டாவின் வரலாற்றைத் தேடி நம் கல்லூரி நூலகத்தில் அமர்ந்தேன். 7.65 மில்லிமீட்டர் அளவுள்ள அந்தத் தோட்டாவை ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் 1899-ஆம் ஆண்டிலேயே உருவாக்கிவிட்டார். துப்பாக்கி செப்பனிடும் பட்டறைக்காரரின் மகன் அவர். அவர் வடிவமைத்ததைப் பெல்ஜியம் நாட்டின் ஹெர்ஸ்டல் தொழிற்சாலை செய்து விற்றது. அந்தப் பெல்ஜியம் துப்பாக்கியைத் தொடர்ந்து போனால் பாரிஸ் வருகிறது, பம்பாய் வருகிறது, புதுச்சேரி வருகிறது, மணியாச்சி வருகிறது. இவற்றில் பல இடங்களில் ஒரு தமிழரின் நிழல் விழுகிறது. அவரே வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர்.

திருச்சியை ஒட்டிய வரகனேரியில் 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் பிறந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று, வக்கீல் தேர்வில் வெற்றி பெற்று, ஊரிலேயே தொழில் நடத்தினார். பிறகு இரங்கூன் சென்றார். அங்கிருந்து பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் 1907-இல் இலண்டன் சேர்ந்தார். கைநிறையச் சம்பாதித்து ஊரில் மாளிகை கட்டி வாழ்ந்திருக்க வேண்டிய வாழ்க்கை. இலண்டன் ஹைகேட் பகுதியில் இருந்த இந்தியா விடுதி அதை மாற்றிவிட்டது. அங்கே சாவர்க்கரின் நட்பு கிடைத்தது. நாட்டை ஆயுதத்தால் மீட்க வேண்டும் என்னும் வெறி பற்றிக்கொண்டது.

அக்கால இலண்டனில் துப்பாக்கி வாங்குவது எவ்வளவு எளிது என்பதைப் படித்தபோது வியப்பால் என் வாய் பிளந்தது. பத்து ஷில்லிங் கட்டி அஞ்சலகத்தில் உரிமம் பெறலாம். மதன்லால் திங்ரா என்னும் பஞ்சாபி மாணவர் 1909 ஜனவரியில் கடைவீதியில் பகிரங்கமாக ஒரு கோல்ட் கைத்துப்பாக்கியை வாங்கினார். விலை 3 பவுன் 5 ஷில்லிங். டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் காசு கொடுத்துச் சுட்டுப் பழகும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே மூன்று மாதம் பயின்றார். ஜூலை 1-ஆம் நாள் மாலையும் அங்கே போய்ப் பன்னிரண்டு முறை சுட்டார். பதினொன்று குறியில் விழுந்தன. அன்றிரவே கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். நம் ஐயரும் அதே கூடத்தில் சுட்டுப் பழகியவர். வாங்கும் முன்பே சுட்டுப் பார்க்கவும் அவர்களுக்கு வழி இருந்தது. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார்.

ஆனால் இந்தியாவில் நிலை வேறு. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரின் கையைக் கட்டிப் போட்டிருந்தது. ஆகவே இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகளைப் பெட்டியின் இரட்டை அடித்தட்டுக்குள் ஒளித்து, இந்தியா விடுதிச் சமையற்காரர் சதுர்புஜ அமீன் மூலம் சாவர்க்கர் பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றால் 1909 டிசம்பர் 21-இல் நாசிக் கலெக்டர் ஜாக்சன் மாண்டார்.

ஏன் பிரௌனிங்? இங்கே இயற்பியல் மாணவன் சற்றுப் பேச அனுமதிக்க வேண்டும். சுழல் துப்பாக்கி நடுவில் புடைத்திருக்கும்; மடியில் வைத்தால் துருத்தும். பிரௌனிங் தட்டையானது. குண்டு சுமார் 4.6 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 290 மீட்டர். துப்பாக்கி சுமார் 625 கிராம். உந்தம் மாறாது என்னும் விதிப்படி கணக்கிட்டால், துப்பாக்கி பின்னோக்கி நொடிக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில்தான் உதைக்கும். உலோகத்தின் கனமே கையைக் காக்கிறது. அந்த உதையும் வீணாவதில்லை. மேல் உறையைப் பின்தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடுகிறது. பழக்கமில்லாத இளைஞன்கூடச் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். இந்த எளிமைதான் அதன் கொடுமையும் என்று எனக்குப் படுகிறது.

1910-இல் சாவர்க்கர் கைதானார். ஐயர் படிப்பு முடிந்தும் பாரிஸ்டர் பட்டத்தைப் பெறாமலே இலண்டனை விட்டு நழுவினார். தாடி வளர்த்து, மாறுவேடம் பூண்டு, ஒற்றர் கண்ணில் மண்ணைத் தூவி, அதே ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அங்கே இருந்தனர். செங்கோட்டை இளைஞர் வாஞ்சிநாதன் அங்கே சென்று ஐயரிடம் துப்பாக்கி பயின்றார். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி சந்திப்பில், மனைவியுடன் கொடைக்கானலுக்குப் பயணப்பட்டிருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை இரயில் பெட்டிக்குள்ளேயே சுட்டார். பின் நிலையக் கழிப்பறைக்குள் ஓடித் தம்மையும் சுட்டுக்கொண்டார். கிடைத்த துப்பாக்கி பெல்ஜியம் பிரௌனிங். வாஞ்சிநாதனுக்கு வயது இருபத்தைந்து. என்னை விட ஐந்தே வயது மூத்தவர். கற்றுக்கொடுத்தவர் புதுவையில் உயிரோடு இருந்தார். அந்தச் செய்தி வந்த இரவில் ஐயர் உறங்கியிருப்பாரா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அதன் பிறகு அவர் வாழ்வில் துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை. புதுவையில் அவர் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916-இல் வெளியிட்டார். குளத்தங்கரை அரசமரம் என்னும் சிறுகதையை எழுதினார். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் அதுவே என்று நம் தமிழ்ப் பேராசிரியர்கள் வகுப்பில் கற்பிப்பது நண்பர்கள் அறிந்ததே. முதல் உலகப் போர் முடிந்து, 1920-இல் தமிழகம் திரும்பினார். காந்தியடிகளின் அறவழியை ஏற்றார். தேசபக்தன் இதழின் ஆசிரியரானார். அதில் வந்த கட்டுரைக்காக ஒன்பது மாதச் சிறை. பெல்லாரிச் சிறையில் அமர்ந்து கம்பராமாயணத்தை ஆங்கிலத்தில் ஆராய்ந்து எழுதினார். ஹோமரையும் மில்டனையும் ஒரு தட்டில் வைத்துக் கம்பனை மறுதட்டில் வைக்கும் நெஞ்சுரம் அன்று யாருக்கு இருந்தது!

இனி எழுதப் போவது எனக்குக் கடினமான பகுதி. இதை விட்டுவிடலாம் என்று நண்பன் ஒருவன் சொன்னான். மனம் ஒப்பவில்லை.

1922-இல் ஐயர் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். அது சேரன்மாதேவியில் நிலைபெற்றது. தாய்மொழிக் கல்வி, கைத்தொழில், நாட்டுப்பற்று என்று உயர்ந்த நோக்கங்கள். காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து ஐயாயிரத்தைக் கொடுத்தது. மலேயாத் தமிழரும் வாரி வழங்கினர். அங்கே பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியிடத்தில் உணவு பரிமாறப்பட்டது. பெற்றோரின் வற்புறுத்தல் என்றார்கள். அன்று காங்கிரஸில் இருந்த ஈ. வெ. ரா. அவர்களும், நம் பழைய சேலம் மாவட்டத்து இராசிபுரத்தில் பிறந்த வரதராஜுலு நாயுடுவும் கடுமையாக எதிர்த்தனர். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் பந்தி வேற்றுமையா என்பது அவர்கள் கேள்வி. நாடெங்கும் புயல் எழுந்தது. ஐயர் சாதி பாராதவர் என்றே அவரை அறிந்தவர்கள் எழுதியுள்ளனர். இருந்தும், கொடுத்த வாக்கை மீற முடியாது என்று அவர் அந்த இருவரையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1925-இல் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார்.

என் பாட்டி, கல்யாண வீடுகளில் எல்லாப் பந்தியும் எழுந்த பிறகு, பந்தலுக்கு வெளியே அமர்ந்து சாப்பிட்டவர். இன்று நான் விடுதியில் யார் பக்கத்தில் தட்டு வைக்கிறேன் என்று எவரும் பார்ப்பதில்லை. ஐயரின் வாழ்க்கையைப் படித்து வந்தபோது, இலண்டன் வரையில் அவர் கூடவே ஓடினேன். பெல்லாரிச் சிறையில் அவருக்காக உருகினேன். சேரன்மாதேவி வாசலில் என் கால் நின்றுவிட்டது. ஒரு பேரரசை எதிர்க்கத் துணிந்தவருக்கு இரண்டு பெற்றோரிடம் மறுப்புச் சொல்லும் துணிவு ஏன் வரவில்லை? பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அந்த இரண்டு பிள்ளைகளும் தனியாகச் சாப்பிட்டு அழுதிருக்குமே என்றுதான் கேட்டார். எனக்கு அது தோன்றவேயில்லை.

அதே 1925, ஜூன் 3. ஐயர் குருகுலப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாபநாசம் மலைக்குச் சென்றார். அருவிக்கு மேலே கலியாண தீர்த்தம் அருகே நீரோட்டத்தைத் தாண்டும் முயற்சியில் மகள் சுபத்திரை கால் தவறி விழுந்தாள். அவளைக் காப்பாற்ற ஐயர் குதித்தார். தண்ணீர் இருவரையும் கொண்டுபோயிற்று. அவருக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு.