தேர்வு நடத்தும் அலுவலகத்தை ஆய்வின் இல்லமாக மாற்ற உழைத்தவர்: சித்தூர் தந்த கல்வியாளர் சி.ஆர்.ரெட்டி

சித்தூர்: ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், தெலுங்கு இலக்கியத் திறனாய்வின் முன்னோடி, சென்னை மாகாண அரசியலில் ஓர் அமைச்சரவையையே கேள்விக்கு உட்படுத்தியவர் எனப் பல முகங்களைக் கொண்டவர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. சி.ஆர்.ரெட்டி என்று அறியப்பட்ட அவர், அறிவியலும் மொழியும் வரலாறும் ஒரே வளாகத்தில் ஆராயப்பட வேண்டும் என்ற எண்ணத்துக்காக வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அந்தப் பல்கலைக்கழகத்தையே ஒரு கொள்கைக்காக விட்டு வெளியேறவும் அவர் தயங்கவில்லை.

எல்லையில் பிறந்தவர்

1880-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சி என்ற ஊரில் ராமலிங்க ரெட்டி பிறந்தார். அப்போது சித்தூர் தனி மாவட்டம் அல்ல. வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911-ஆம் ஆண்டில்தான் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் ஒலிக்கும் அந்த எல்லைப் பகுதியிலிருந்து உயர்கல்விக்காகச் செல்பவர்களுக்கு இருந்த இயல்பான வழி சென்னைக்கான ரயில் பயணமே. ரெட்டியும் அந்த வழியில் சென்று சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரி நாட்களிலேயே அவர் எழுதிய 'முசலம்மா மரணம்' என்ற சிறு காவியம் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது. அனந்தபுரம் அருகே உள்ள புக்கராயசமுத்திரம் ஏரியின் கரை உடையும் தறுவாயில், ஊரைக் காக்கத் தன் உயிரைக் கொடுத்த பெண்ணைப் பற்றிய நாட்டார் கதையே அதன் கரு. அரசர்களையும் தேவர்களையும் பாடிய மரபில், ஊர் ஏரிக்காக உயிர்நீத்த ஒரு மருமகளைக் காவியத் தலைவியாக்கியது அந்தக் காலத்துக்குப் புதியது. நவீனத் தெலுங்குக் கவிதையின் தொடக்ககாலப் படைப்புகளில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

கேம்பிரிட்ஜ் முதல் மைசூர் வரை

அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்ற ரெட்டி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித ஜான் கல்லூரியில் வரலாறு பயின்றார். அங்குள்ள புகழ்பெற்ற மாணவர் விவாத மன்றமான கேம்பிரிட்ஜ் யூனியனின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்கு உண்டு. மேடைப் பேச்சில் அவர் பெற்ற தேர்ச்சி, பிற்காலத்தில் சட்டமன்றத்திலும் பட்டமளிப்பு விழாக்களிலும் அவரது அடையாளமாக விளங்கியது.

தாயகம் திரும்பிய அவர், அரவிந்தர் முன்னர் பணியாற்றிய பரோடா கல்லூரியில் சில காலம் பணிபுரிந்தார். பின்னர் மைசூர் சமஸ்தானத்துக்குச் சென்று மகாராஜா கல்லூரியில் பேராசிரியரானார். மைசூரில் தனிப் பல்கலைக்கழகம் அமைக்க அரசு எண்ணியபோது, வெளிநாடுகளின் உயர்கல்வி முறையை ஆராய்ந்து அறிக்கை அளித்த இருவரில் ரெட்டியும் ஒருவர். மற்றவர் தாமஸ் டென்ஹாம். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் கல்வியைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்லும் முறையும், விஸ்கான்சின் பல்கலைக்கழகம் கற்பித்தலையும் ஆய்வையும் இணைத்த முறையும் அந்த முயற்சியில் முன்மாதிரிகளாகக் கருதப்பட்டன. 1916-ஆம் ஆண்டில் மைசூர் பல்கலைக்கழகம் பிறந்தது.

பின்னர் மைசூர் சமஸ்தானத்தின் கல்வித் துறைத் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஒடுக்கப்பட்ட சமூகக் குழந்தைகளுக்குப் பொதுப் பள்ளிகளின் கதவைத் திறந்துவிடுவதில் எழுந்த எதிர்ப்புகளுக்கு அவர் இணங்கவில்லை. பல்கலைக்கழகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதற்குள் நுழையும் முதல் படி கிராமப் பள்ளியில்தான் இருக்கிறது என்பதை அந்தப் பணிக்காலம் அவருக்கு உணர்த்தியது.

இலக்கியத்துக்கும் ஓர் ஆய்வுமுறை

இந்தக் காலத்தில், 1914-ஆம் ஆண்டில் வெளியான அவரது 'கவித்துவ தத்துவ விசாரமு' தெலுங்கு இலக்கிய உலகில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 16-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பிங்கலி சூரனாவின் 'கலாபூர்ணோதயம்' என்ற படைப்பை முன்வைத்து, கவிதையை எவ்வாறு மதிப்பிடுவது என்ற கேள்வியை அந்நூல் எழுப்பியது. அணிகளையும் வருணனைகளையும் எண்ணிப் பாராட்டும் வழக்கத்தை விடுத்து, கற்பனை, கதைக் கட்டமைப்பு, பாத்திரங்களின் மனநிலை ஆகியவற்றைக் கொண்டு ஒரு படைப்பை எடைபோட வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு. பழைய பிரபந்தங்கள் பலவற்றை அவர் கடுமையாக விமர்சித்தார். மரபறிந்த புலவர்களிடமிருந்து அதற்கு மறுப்புகளும் எழுந்தன.

பொருளியலைத் தெலுங்கில் விளக்கி அவர் எழுதிய நூலும் குறிப்பிடத்தக்கது. புதிய துறைகளின் அறிவு ஆங்கிலத்தில் மட்டுமே தங்கிவிடக் கூடாது என்ற அவரது அக்கறைக்கு அந்நூல் சான்றாக நிற்கிறது.

அரசியலில் ஒரு முதல் தீர்மானம்

1920-களின் தொடக்கத்தில் மைசூர்ப் பணியிலிருந்து விலகிய ரெட்டி, நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாகாண சட்டமன்றத்தில் நுழைந்தார். விரைவிலேயே கட்சித் தலைமையுடன் முரண்பட்டு எதிர்வரிசைக்குச் சென்றார். 1923-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பனகல் அரசர் அமைச்சரவைக்கு எதிராக அவர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். 65-க்கு 44 என்ற வாக்குக் கணக்கில் தீர்மானம் தோற்றது. எனினும் இந்தியச் சட்டமன்ற வரலாற்றின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானமாக அது குறிப்பிடப்படுகிறது.

கட்டடமும் இல்லாத பல்கலைக்கழகம்

தெலுங்கு பேசும் மாவட்டங்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கையின் விளைவாக, 1926-ஆம் ஆண்டில் ஆந்திரப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ரெட்டி முதல் துணைவேந்தரானார். தொடக்கத்தில் அதன் தலைமையகம் பெசவாடாவில், அதாவது இன்றைய விஜயவாடாவில் இயங்கியது.

அன்றைய நிலையை இன்றைய வாசகர் கற்பனை செய்வது கடினம். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தைப் போலவே, இந்தியாவின் பழைய பல்கலைக்கழகங்கள் முதன்மையாகப் பாடத்திட்டம் வகுத்து, கல்லூரிகளை இணைத்து, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே பிறந்தவை. பாடம் நடந்தது கல்லூரிகளில். ஆய்வு என்பது தனிப்பட்ட ஆசிரியரின் ஆர்வத்தைச் சார்ந்திருந்தது. ஆந்திரப் பல்கலைக்கழகமும் முதல் சில ஆண்டுகள் சொந்தக் கல்லூரியோ ஆய்வுக்கூடமோ இல்லாமலே இயங்கியது.

இந்த நிலையை மாற்றுவதே ரெட்டியின் முதல் இலக்கு. பேராசிரியர்கள் தாங்களே அறிவை உருவாக்கி, அதையே மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். அதற்கு நிலம், கட்டடம், கருவிகள், நூலகம், நிலையான வருவாய் அனைத்தும் தேவை. இதே காலத்தில்தான், 1929-இல், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மாணவர்கள் தங்கிப் பயிலும் நிறுவனமாக உருவானது. தென்னிந்திய உயர்கல்வி புதிய திசையில் திரும்பிய காலம் அது.

ஆனால் தலைமையகம் எங்கே அமைவது என்ற பூசல் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கடலோர மாவட்டங்களும் ராயலசீமையும் தத்தம் உரிமையைக் கோரின. ராயலசீமைப் பகுதியின் கல்லூரிகள் மீண்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் சென்றன. இறுதியில் 1930-இல் விசாகப்பட்டினத்தின் வால்டேர் பகுதி பல்கலைக்கழகத்தின் நிலையான இருப்பிடமானது.

விட்டு விலகிய ஆண்டு

கட்டடங்கள் எழவிருந்த அதே 1930-இல் உப்புச் சத்தியாகிரகம் நாடெங்கும் பரவியது. போராட்டத்தை ஒடுக்க ஆங்கிலேய அரசு கையாண்ட முறைகளைக் கண்டித்து ரெட்டி துணைவேந்தர் பதவியைத் துறந்தார். தாம் திட்டமிட்ட ஆய்வுத் துறைகள் ஒன்றுகூடத் தொடங்கப்படாத நிலையில் எடுத்த முடிவு அது. பதவியில் நீடித்திருந்தால் நிறுவனம் வளர்ந்திருக்கும் என்ற வாதத்துக்கும், அடக்குமுறை அரசின் கீழ் கல்விப் பதவி வகிப்பது தகாது என்ற மனச்சான்றுக்கும் இடையே அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

அவருக்குப் பின் 1931-இல் துணைவேந்தரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1936 வரை பல்கலைக்கழகத்தின் முதுநிலைத் துறைகளைக் கட்டி எழுப்பினார். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் மன்னர் விக்ரம தேவ வர்மா ஆண்டுதோறும் ஒரு லட்சம் ரூபாய் வழங்கினார். அவரது பெயரிலேயே அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்தது. சி.வி.ராமனின் மாணவரான சூரி பகவந்தம் இயற்பியலிலும், குளித்தலையில் பிறந்த தமிழரான டி.ஆர்.சேஷாத்ரி வேதியியலிலும் ஆய்வுக் குழுக்களை உருவாக்கினர்.

மீண்டும் அதே நாற்காலி

1936-இல் ரெட்டி மீண்டும் துணைவேந்தராகி, 1949 வரை அப்பொறுப்பில் இருந்தார். தாம் விதைத்ததை மற்றொருவர் வளர்த்திருக்க, அதைக் காக்கும் கடமை இப்போது அவருடையதாயிற்று. பருத்திப் பூ உள்ளிட்ட தாவரங்களின் நிறப்பொருள்களைப் பற்றிய சேஷாத்ரியின் ஆய்வுகள் உலகின் கவனத்தைப் பெற்றன. வேதித் தொழில்நுட்பம் போன்ற பயன்முறைத் துறைகளும், தெலுங்கு, வரலாறு, தத்துவம் போன்ற துறைகளும் ஒரே வளாகத்தில் இயங்கின. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞரான சி.ஆர்.ராவ் கணிதத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றதும் இங்கேதான்.

இரண்டாம் உலகப் போர் இந்த வளர்ச்சியைக் குலைத்தது. 1942 ஏப்ரல் 6-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தின் மீது குண்டு வீசின. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம்பெயர நேர்ந்தது. வளாகக் கட்டடங்கள் ராணுவத்தின் பயன்பாட்டுக்குச் சென்றன. ஆய்வுக்கூடம் என்பது மேசையும் நாற்காலியும் அல்ல. குழாய் இணைப்பு, மின்வசதி, நுண்கருவி, நூல் தொகுதி என ஒன்றோடொன்று பிணைந்த ஏற்பாடு. அதைப் பெயர்த்தெடுத்துச் சென்று, போர் முடிந்தபின் மீண்டும் வால்டேரில் நிலைநிறுத்திய ஆண்டுகளில் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ரெட்டி.

1949-இல் அவர் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலிருந்து விடைபெற்றார். அதே ஆண்டில் சேஷாத்ரியும் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். தம் கல்விப் பணியின் தொடக்கக் களமான மைசூரின் பல்கலைக்கழகத்தில் இணைவேந்தராகப் பொறுப்பேற்ற ரெட்டி, 1951 பிப்ரவரி 24-ஆம் தேதி காலமானார்.

திருப்பதிக்கு வந்த பல்கலைக்கழகம்

ரெட்டி வளர்த்த பல்கலைக்கழகம் அவரது சொந்த ஊரிலிருந்து சாலை வழியாக 700 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. சித்தூர், திருப்பதி மாணவர்களுக்கு அருகில் ஆய்வுப் பல்கலைக்கழகம் ஏதும் அவர் வாழ்ந்த காலத்தில் இல்லை. 1937-இல் கடலோர ஆந்திரத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் செய்துகொண்ட ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில், அனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழக மையம் அமைய வேண்டும் என்ற அம்சம் இடம்பெற்றது. அந்தக் குறை உண்மையில் தீரத் தொடங்கியது திருப்பதியில்தான்.

ஆந்திர மாநிலம் உருவான மறு ஆண்டு, 1954-இல், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவுடன் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ரெட்டி மறைந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தேவஸ்தானம் 1939-இல் தொடங்கிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் பின்னர் இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஓலைச்சுவடிகளைப் படித்துப் பதிப்பிக்கும் அறிஞர்களும், இயற்பியல், வேதியியல் ஆய்வாளர்களும் ஒரே பல்கலைக்கழகத்தின் உறுப்பினர்களாயினர்.

இன்று திருப்பதியில் தேசிய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகம், இந்தியத் தொழில்நுட்பக் கழகம், இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இயங்குகின்றன. அருகே உள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தின் ரேடார் மேல்வளிமண்டலத்தை ஆராய்கிறது. இலக்கியத்தையும் அறிவியலையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர ரெட்டி உழைத்த கதையின் தொடர்ச்சியை, அவர் பிறந்த மண்ணின் அண்மையிலேயே இப்போது காண முடிகிறது.

விசாகப்பட்டினத்தில் பட்டம் பெறும் மாணவர்கள் கூடும் மண்டபம் சி.ஆர்.ரெட்டி பட்டமளிப்பு மண்டபம் என்றே அழைக்கப்படுகிறது. ஏலூரில் அவர் பெயரில் ஒரு கல்லூரி 1945 முதல் இயங்கி வருகிறது. கட்டமஞ்சி இன்று சித்தூர் நகரின் ஒரு பகுதியாகிவிட்டது. அந்த ஊரின் பெயரோ, தெலுங்கு இலக்கியத்தைப் பயிலும் ஒவ்வொரு மாணவரும் அறிந்த பெயராக அவரோடு சேர்ந்தே நிலைத்திருக்கிறது.