அனைவருக்கும் அன்னையான ஸ்ரீ சாரதாதேவியார்

ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சர், சுவாமி விவேகானந்தர் ஆகியோரின் படங்களோடு, கூந்தல் தோளில் தவழ, வெள்ளைச் சேலையுடன் அமைதியாக அமர்ந்திருக்கும் ஓர் அம்மையாரின் படத்தையும் கோயில்களிலும் அறநெறிப் பாடசாலைகளிலும் அடியார்கள் கண்டிருப்பர். அவரே அன்னை ஸ்ரீ சாரதாதேவியார். படத்தைப் பார்ப்பவர்களுக்கு அவர் வாழ்நாள் முழுவதும் ஆசனத்தில் அமர்ந்து ஆசி வழங்கியவர் என்றே தோன்றும். ஆனால் அவர் வாழ்ந்த 66 ஆண்டுகளில் அப்படி அமர்ந்திருந்த நேரம் மிகக் குறைவு. விறகும் அடுப்பும், மாவும் ரொட்டியும், விளக்குமாறும் மண்வெட்டியுமாகவே அவருடைய கைகள் இருந்தன. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறும் நமது தோட்டத்துத் தாய்மாருக்கு இவருடைய வாழ்க்கை அந்நியமானதன்று.

வங்காள நாட்டின் பாங்குரா மாவட்டத்தில் ஜெயராம்பாடி என்னும் சிற்றூரில் 1853ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி இராமச்சந்திர முகோபாத்தியாயருக்கும் சியாமசுந்தரி தேவிக்கும் மூத்த மகளாக அம்மையார் பிறந்தார். அந்தணக் குடும்பமாயினும் வறிய குடும்பம். கொஞ்சம் நெல்வயல், கொஞ்சம் புரோகிதம், அத்தோடு ஒரு பருத்தித் தோட்டம். தாயார் குழந்தையைப் பருத்திச் செடிகளின் அருகே கிடத்திவிட்டுப் பஞ்சு பறிப்பார். அப்பஞ்சை நூற்றுப் பூணூல் செய்வதும் குடும்பத்துக்கு ஒரு வருமானம். சிறுமி சாரதையும் வளர வளர வேலையில் இறங்கினார். கழுத்தளவு தண்ணீரில் நின்று மாட்டுக்குப் புல் அறுத்தார். வயலில் வேலை செய்வோருக்குப் பொரி கொண்டுபோய்க் கொடுத்தார். ஓர் ஆண்டு வெட்டுக்கிளிகள் விளைச்சலை அழித்தபோது வயல் வயலாகச் சென்று சிந்திய நெல்லைப் பொறுக்கினார். தம்பிமாரைத் தூக்கி வளர்த்ததும் அவரே. பள்ளிப் படிப்பு அவருக்குக் கிட்டவில்லை. பின்னாளில் தம் முயற்சியால் வாசிக்க மட்டும் பழகிக்கொண்டார்.

1864ஆம் ஆண்டில் அப்பகுதியில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. முந்திய ஆண்டு விளைந்த நெல்லைத் தந்தையார் சேமித்து வைத்திருந்தார். அதை விற்றிருந்தால் நல்ல விலை கிடைத்திருக்கும். அவரோ அரிசியும் பருப்பும் சேர்த்துப் பானை பானையாகச் சமைப்பித்து, பசியோடு வந்தவர்களுக்கெல்லாம் இட்டார். கொதிக்கக் கொதிக்க இலையில் விழும் சோற்றை ஆறும்வரை பொறுக்க இயலாமல் ஏழைகள் அள்ளி வாயில் போட்டுக்கொண்டனர். அதைக் கண்ட பத்து வயதுச் சிறுமி, இரண்டு கைகளிலும் விசிறி பிடித்து அந்தச் சோற்றை ஆற்றிக்கொண்டு நின்றார். பிற்காலத்தில் உலகம் கண்ட அன்னையை அந்தப் பஞ்சப் பந்தியிலேயே கண்டுகொள்ளலாம்.

அக்கால வழக்கப்படி 1859இல், ஐந்து வயதிலேயே, காமார்புகூரைச் சேர்ந்த கதாதரருக்கு அவர் மணம் செய்து கொடுக்கப்பட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு வயது 23. இவரே தட்சிணேசுவரத்துக் காளி கோயிலில் பூசை செய்துவந்த ஸ்ரீ இராமகிருஷ்ணர். அவர் தெய்வ வெறியில் தம்மை மறந்து கிடப்பதை ஊரார் பைத்தியம் என்று பேசினார்கள். பைத்தியக்காரனின் மனைவி என்று தம்மைப் பார்த்து இரங்கியவர்களுக்கு அம்மையார் பதில் சொல்லவில்லை. தாமே போய்ப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தார். 1872ஆம் ஆண்டு பங்குனியில் தந்தையாருடன் ஏறத்தாழ 60 மைல் தூரத்தை நடந்து கடக்கப் புறப்பட்டார். வழியில் கடும் காய்ச்சல் கண்டு ஒரு சத்திரத்தில் படுத்துவிட்டார். கறுத்த மேனியும் பேரழகுமாய் ஒரு பெண் வந்து அருகில் அமர்ந்து தலையைத் தடவிக் கொடுத்ததாகவும், தட்சிணேசுவரத்திலிருந்து வருவதாகவும் தாம் அவருக்குச் சகோதரி முறை என்றும் கூறியதாகவும் அம்மையார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மறுநாள் காய்ச்சல் தணிந்தது. பயணம் தொடர்ந்தது.

தட்சிணேசுவரத்தில் அவர் கண்டது பைத்தியத்தை அல்ல. பரமஹம்சர் அவரை அன்போடு ஏற்றுக்கொண்டு காய்ச்சலுக்கு மருந்தும் ஏற்பாடு செய்தார். இருவரும் இல்லறத்தில் இருந்தபடியே துறவு வாழ்க்கை வாழ்ந்தனர். பலஹாரிணி காளி பூசை இரவொன்றில் பரமஹம்சர் தம் மனைவியையே பீடத்தில் அமர்த்தி, சோடசி தேவியாகப் பாவித்து முறைப்படி பூசித்தார். தாம் அதுவரை செய்த தவத்தின் பயனையும் செபமாலையையும் அவருடைய திருவடிகளில் வைத்து வணங்கினார். கணவன் மனைவியைத் தாயாக வழிபட்ட இச்செய்தி சமய வரலாற்றில் மிக அரியது. எனினும் மறுநாள் காலையில் அந்தத் தேவி வழக்கம்போல் அடுப்படிக்கே போனார் என்பதையும் மறக்கலாகாது.

அந்த அடுப்படி இருந்த இடம் நகபத் என்னும் நாதசுர மண்டபத்தின் கீழறை. 50 சதுர அடி அளவேயான எட்டுமூலை அறை. நமது பழைய லயக் காம்பராவை விடவும் சிறியது. வாசல் தாழ்வானது, பழகும்வரை தலை இடிபட்டுக்கொண்டே இருந்தது. சமையலும் படுக்கையும் சாமான் சட்டிகளும் அதற்குள்ளேதான். மேலே தொங்கிய பானையில் பரமஹம்சருக்காக வாங்கிய மீன்கள் துள்ளிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து பெண்கள் வந்தால் அவர்களும் அங்கேயே படுப்பார்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, யாரும் காணுமுன் கங்கையில் நீராடி வந்துவிடுவார். அருகிலேயே அத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் அவரைக் கண்ணால் பார்த்தறியாதவர்கள் கோயிலில் பலர் இருந்தனர்.

கணவர் சொல்லைத் தட்டாதவர் என்று அம்மையாரைப் புகழ்வதுண்டு. அது முழு உண்மையன்று. தாய்மை என்று வந்தபோது அவர் தட்டியிருக்கிறார். தியானம் செய்ய வரும் இளம் சீடர்கள் இரவில் வயிறு நிறைய உண்ணக்கூடாது என்று ஆளுக்கு இத்தனை ரொட்டி எனப் பரமஹம்சர் கணக்கு வைத்திருந்தார். அம்மையார் பிள்ளைகளின் பசியைப் பார்த்துப் போட்டார். கேட்டபோது, இரண்டு ரொட்டி கூடுதலாகத் தின்றதற்காக அவர் கவலைப்பட வேண்டாம், அவர்களின் எதிர்காலத்தைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மற்றொரு முறை, நடத்தை சரியில்லை என்று ஊரார் பேசிய ஒரு பெண், பரமஹம்சரின் உணவுத் தட்டைத் தான் கொண்டுபோக வேண்டுமென்று கேட்டாள். அம்மையார் கொடுத்தார். பரமஹம்சர் அந்த உணவைத் தொடவே தயங்கி, இனி வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது என்று வாக்குக் கேட்டார். அம்மா என்று அழைத்துக் கேட்பவரிடம் இல்லையென்று சொல்லத் தம்மால் ஆகாது என்று அவர் கைகூப்பிச் சொன்னார். பரமஹம்சரும் அதை ஏற்று உண்டார்.

மகளுக்குப் பிள்ளை இல்லையே, அம்மா என்று அழைக்க ஒருவரும் இல்லையே என்று சியாமசுந்தரி தேவி மனம் நொந்ததுண்டு. அம்மா, அம்மா என்று கேட்டுக் கேட்டுக் காது சலிக்கும் அளவுக்கு மகளுக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று மருமகன் ஆறுதல் கூறினார். அந்தக் காலம் வருவதற்கு முன்னர் அம்மையார் கடக்கவேண்டிய துன்பம் பெரிதாயிருந்தது.

1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் திகதி பரமஹம்சர் மறைந்தார். அம்மையாருக்கு வயது 32. காசி, அயோத்தி, பிருந்தாவனம் ஆகிய தலங்களில் ஏறத்தாழ ஓர் ஆண்டு தங்கிவிட்டுக் கணவரின் ஊரான காமார்புகூருக்கு வந்தார். கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த மாதம் 7 ரூபாவும் நின்றுபோயிற்று. முன்பு இலட்சுமிநாராயணர் என்ற மார்வாரி செல்வர் 10,000 ரூபா கொடுக்க முன்வந்தபோது, பரமஹம்சரைப் போலவே தாமும் வேண்டாமென்று மறுத்தவர் அவர். இப்போது தாமே மண்வெட்டி எடுத்து நிலத்தைக் கொத்திக் கீரை போட்டார். சோற்றை அவித்துக் கீரையோடு உண்டார். உப்பு வாங்கவும் காசு இருக்கவில்லை. போதாததற்குக் கைம்பெண் வளையல் போட்டிருக்கிறாள், கரைபோட்ட சேலை உடுத்தியிருக்கிறாள் என்று ஊர் வாய் பேசியது. வளையலைக் கழற்றப்போன வேளையில் பரமஹம்சர் காட்சியளித்துத் தடுத்ததால் அவர் அதைக் கழற்றவில்லை. வறுமையை யாரிடமும் சொல்லவும் இல்லை. செய்தி மெல்லக் கசிந்து கல்கத்தாவுக்கு எட்டியபின்னரே சீடர்கள் பதறி அவரை அழைத்துக்கொண்டனர்.

அதன்பிறகு பிள்ளைகள் வந்தவண்ணம் இருந்தனர். 1893இல் அமெரிக்கா செல்லுமுன் சுவாமி விவேகானந்தர் அன்னையின் ஆசியை வேண்டிப் பெற்றார். 1898 மார்ச் மாதத்தில், பின்னாளில் சகோதரி நிவேதிதை எனப் பெயர்பெற்ற மார்கரெட் நோபிளும் வேறிரு மேலைநாட்டுப் பெண்களும் வந்தபோது, அன்னை அவர்களோடு சேர்ந்து உண்டார். ஆசாரமுள்ள அந்தண விதவை ஒருவர் அக்காலத்தில் அப்படிச் செய்தது சிறிய காரியமன்று. நிவேதிதை தொடங்கிய பெண்கள் பாடசாலையை அதே ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி திறந்து வைத்தவரும், எழுதப்படிக்கப் பள்ளி செல்லாத இவரே.

1911ஆம் ஆண்டில் அன்னை தமிழ்நாட்டுக்கு எழுந்தருளினார். சுவாமி இராமகிருஷ்ணானந்தர் வரவேற்றுச் சென்னையில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கவைத்தார். அன்னைக்குத் தமிழ் தெரியாது, வந்தவர்களுக்கு வங்காளம் தெரியாது. இருந்தும் பலர் உபதேசம் பெற்றனர். மதுரை மீனாட்சியம்மையைத் தரிசித்து, இராமேசுவரம் சென்றார். பாம்பன் பாலம் 1914இல் தான் திறக்கப்பட்டது. ஆகவே கடலைத் தண்ணீர் வழியே கடந்தார். மலையகத்து மக்களின் பாட்டன் பாட்டிமாரில் பலர் கண்ணீரோடு கடைசியாகக் கண்ட இந்தியக் கரை அந்தச் சேதுக்கரைதான் என்பதை இங்கு நினைக்காமல் இருக்க முடியாது.

சேதுபதி மன்னரின் ஏற்பாட்டில் அன்னை கருவறைக்குள் சென்று, கங்கை நீர் வார்த்து, 108 பொன் வில்வ இலைகளால் இராமநாதரை அர்ச்சித்தார். மன்னர் கோயில் நகைக் களஞ்சியத்தைத் திறந்து காட்டி, அன்னை விரும்பியதைக் கொடுக்கும்படி பணித்திருந்தார். தமக்கு ஒன்றும் தேவையில்லை என்றார் அன்னை. அழைத்து வந்தவர்கள் மனம் வருந்தக்கூடாதே என்று, உடன் வந்த தம்பி மகள் ராதுவுக்கு ஏதேனும் வேண்டுமானால் எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு, சிறுமிக்கு ஆசை எழக்கூடாது என்று இறைவனை வேண்டிக்கொண்டே நின்றார். வைரமும் பொன்னும் மின்னிய அந்த அறையைச் சுற்றிப் பார்த்த ராது, தன் பென்சில் தொலைந்துவிட்டது, ஒரு பென்சில் வேண்டும் என்றாள். அன்னை நிம்மதியாக மூச்சுவிட்டு, வெளியே கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

இந்த ராதுவால் அன்னை பட்டபாடு கொஞ்சமன்று. தம்பி அபயர் 1899இல் இறந்தபின், அவர் மனைவி புத்தி பேதலித்த நிலையில் பெற்ற பிள்ளை அவள். அன்னையே வளர்த்தார். அவளது பிடிவாதம், தாயாரின் ஏச்சு, தம்பிமாரின் பணச் சண்டை எல்லாவற்றையும் தாங்கினார். வெளியே பலர் வணங்கி நிற்க, உள்ளே இத்தனை இடைஞ்சல். குடும்பம் என்றால் இதுதான் என்று அறிந்த பெண்களுக்கு அன்னை மேலும் நெருக்கமாவது இதனாலேயே.

ஜெயராம்பாடிக்கு அருகே பட்டுத்தொழில் செய்துவந்த இசுலாமியர் சிலர், வெளிநாட்டுப் பட்டின் போட்டியால் தொழில் படுத்து, பிழைக்க வழியின்றிக் கொள்ளையில் இறங்கியிருந்தனர். ஊரே அஞ்சிய அவர்களுக்கு அன்னை தமது வீட்டு வேலையில் கூலி கொடுத்தார். அவர்களில் அம்ஜத் என்பவரைத் தம் திண்ணையில் அமர்த்திச் சோறிட்டார். ஒருமுறை தம்பி மகள் நளினி தீட்டுக்கு அஞ்சித் தூர நின்று உணவை எறிந்து பரிமாறினாள். அப்படி இட்டால் மனிதன் ருசித்து உண்ண முடியுமா என்று கடிந்து, அன்னை தாமே பரிமாறினார். உண்ட இடத்தையும் தாமே கழுவினார். சாதி போய்விடும் என்று அலறிய நளினியிடம், தமக்காகக் கல்கத்தாவில் வீடு கட்டித் தந்து வாசற்காவலராய் இருந்து தொண்டு செய்த சுவாமி சாரதானந்தர் எப்படித் தம் மகனோ, அம்ஜத்தும் அப்படியே என்று சொல்லிவிட்டார்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் துணிப்பஞ்சம் வந்து, உடுக்கச் சேலையின்றிப் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வர இயலாமல் தவிக்கிறார்கள் என்ற செய்தி கேட்டு வாய்விட்டு அழுதார். ஆங்கிலேயரும் தம் பிள்ளைகளே என்று கூறிய அவர், ஆட்சியாளர் தந்த அந்தத் துன்பத்துக்காக அவர்களைக் கண்டிக்கவும் தயங்கவில்லை.

காலா அசார் என்னும் காய்ச்சலால் உடல் நலிந்த அன்னையை 1920 பெப்ரவரியில் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தனர். உயிருக்குயிராய் வளர்த்த ராதுவை இறுதி நாட்களில் அருகில் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பற்று அறுந்துவிட்டது என்று அறிந்த சீடர்கள், இனி அன்னை தங்கமாட்டார் என்று கலங்கினர். 1920ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் திகதி நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு அன்னை பூதவுடல் நீத்தார். பேலூர் மடத்தில் கங்கைக் கரையில் திருவுடல் தீயிடப்பட்டது. பிறந்த இடமான ஜெயராம்பாடியில் 1923ஆம் ஆண்டு கோயில் எழுந்தது. பேலூரில் தகனம் நடந்த இடத்திலும் ஒரு கோயில் அமைந்தது. அக்கோயிலின் வாசல் கங்கையை நோக்கியே வைக்கப்பட்டிருக்கிறது. நாளெல்லாம் உழைத்த அன்னை, சிறிது ஓய்வு கிடைத்தபோது பார்த்திருக்க ஆசைப்பட்டது அந்த ஆற்றைத்தான்.