செவியிழந்த இசைஞானி பீத்தோவன்

ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரில், 1770-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் லுட்விக் வான் பீத்தோவன் பிறந்தார். தந்தையார் அரசவைப் பாடகர், குடிப்பழக்கத்தில் வீழ்ந்தவர். மகனைப் பிஞ்சுப் பருவத்திலேயே இசைக்கருவியின் முன் அமர்த்திக் கடுமையாகப் பயிற்றினார். 1792-ல் வியன்னா சென்ற அவ்விளைஞர், சில ஆண்டுகளில் பிரபுக்கள் போற்றும் பியானோ வல்லுநராக விளங்கினார்.

புகழ் வளர்ந்துவந்த அந்நாளிலேதான், ஏறக்குறைய 1798-ல், அவர் காதுகளில் இரவும் பகலும் ஓர் இரைச்சல் தொடங்கியது. செவிப்புலன் மெல்லக் குன்றிற்று. இசைவாணனுக்குக் காது கேட்கவில்லை என்பதைப் பகைவர் அறிந்தால் என்னாகும்! ஆகவே அவர் எவரிடமும் சொல்லாமல் மறைத்தார். விருந்துகளையும் நண்பர் கூட்டங்களையும் தவிர்த்தார். பிறர் அதைச் செருக்கென்று எண்ணினர்.

1801-ல்தான், மருத்துவரான பழைய தோழர் வெகலருக்கு மனந்திறந்து எழுதினார். நாடக அரங்கில் மேடைக்கு மிக அருகில் இருந்தாலன்றி நடிகர் பேச்சு விளங்கவில்லை. கருவிகளின் மேல்சுரங்கள் எட்டவில்லை. மெல்லப் பேசினால் ஓசை கேட்கிறது, சொல் புரியவில்லை. எவரேனும் கத்தினாலோ தாங்க முடியவில்லை. இவை அவர் கூறிய குறிகள். உள்காது பழுதுற்றோர் பலரிடம் இன்றும் இவற்றைக் காணலாம். வல்லின ஒலிகள் நழுவிப்போக, உயிரொலிகளே எஞ்சுகின்றன. நம் இல்லங்களில் தாத்தாவிடம் உரக்கக் கத்திப் பேசுகிறோமே, அது அவருக்கு உதவுவதைவிட வருத்துவதே மிகுதி. முகம் நோக்கி, நிறுத்தி, தெளிவாகப் பேசுதலே தக்கது.

மருத்துவர்கள் பாதாம் எண்ணெயைக் காதில் விட்டனர், தானூப் நதிநீரில் நீராடச் செய்தனர், பயனில்லை. வயிற்று நோயும் உடன் வாட்டியது. 1802-ல் ஹைலிகன்ஸ்டாட் என்னும் சிற்றூரில் ஓய்வுக்காகத் தங்கினார். அருகில் நின்றவர் ஆயனின் குழலோசையைக் கேட்டு மகிழ, அவர் செவியில் ஒன்றும் விழவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழுந்தது. தம் தம்பியர் இருவருக்கும் இறுதி முறி போன்றதொரு கடிதம் வரைந்தார். கலை ஒன்றே தம்மைத் தடுத்தது என்ற கருத்தை அதிலே வைத்தார். ஆனால் கடிதத்தை அனுப்பவில்லை.

அதன்பின் வாழ்ந்த ஆண்டுகள் இருபத்தைந்து. மெல்ட்ஸல் என்பவர் செய்தளித்த ஊதுகொம்பு போன்ற செவிக்குழல்களைக் காதில் வைத்துப் பார்த்தார். 1818 முதல் வந்தவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்காட்ட, அவர் வாயால் விடை கூறினார். சந்தேகமும் சினமும் பெருகின, வேலையாட்கள் நிலைக்கவில்லை, வீடுகள் மாறிக்கொண்டேயிருந்தன. செவிட்டுத்தன்மையே அவரை மேதையாக்கிற்று என்று எழுதுவோர் உளர். அது எனக்கு உடன்பாடன்று. அது அவர் வாழ்விலிருந்து மனிதர்களைப் பறித்தது. 2024-ல் லான்செட் இதழின் நிபுணர்குழு, முதுமை மறதிநோய்க்கு வழிகோலும், மாற்றத்தக்க 14 காரணிகளுள் செவிக்குறைவையும் சேர்த்தது. பேச்சு நின்றால் தனிமை, தனிமையால் சோர்வு என்று அது தொடர்கிறது.

விக்ரோலியில் இயந்திர இரைச்சலிடையே பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் பலர் உளர். சங்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்து, எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு முன்னதாகவே எழுந்து செல்வோரைக் கவனித்தல் வேண்டும். பாந்திராவில் 1983-ல் நிறுவப்பெற்ற அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்தில் செவிப்பரிசோதனை செய்கிறார்கள். பீத்தோவனுக்குக் கிட்டாத கருவிகள் இன்று காதின் பின்னே மறையுமளவு சிறியன.

1824 மே 7-ஆம் நாள் வியன்னாவில் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியது. அவையின் ஆரவாரம் கேளாமல் நின்ற அவரை, பாடகி கரோலின் உங்கர் அவையை நோக்கித் திருப்பிவிட்டார்; அசையும் கைகளைக் கண்டபின்பே அவர் தலைவணங்கினார்.

1827 மார்ச் 26-ல் காலமானார். அவருடைய தலைமயிரின் மரபணுவை ஆராய்ந்து 2023-ல் வெளியான முடிவு, கல்லீரல் நோய்க்கான காரணங்களைக் காட்டிற்று. செவிக்கேட்டின் காரணம் புலப்படவில்லை. மறைவுக்குப்பின் அவருடைய தாள்களிடையே அந்த ஹைலிகன்ஸ்டாட் கடிதம் கண்டெடுக்கப்பட்டது. யாருக்கு எழுதினாரோ அத்தம்பியர் இருவருள் ஒருவர் 1815-லேயே இறந்திருந்தார்.