இருதயத்தின் ஒலி கேட்ட லென்னெக்

பிரான்சு தேசத்தின் மேற்கோடியிலுள்ள கெம்பேர் நகரில், 1781ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள், ரெனே லென்னெக் என்னும் வைத்திய அறிஞர் தோன்றினார். ஐந்து வயதிலேயே தாயை இழந்த இவரைப் பின்னர் நாந்து நகரத்து வைத்தியராகிய தந்தையின் உடன்பிறந்தார் வளர்த்து வந்தார். 1801இல் பாரிஸ் சென்று, நெப்போலியனின் வைத்தியரான கார்விசாரிடம் பயின்றார். மெலிந்த தேகத்தினர், புல்லாங்குழல் வாசிப்பதில் விருப்பமுடையவர்.

1816இல் நெக்கேர் மருத்துவமனையில் இருதய நோயுற்ற இளம் பெண்ணொருத்தி இவரிடம் வந்தாள். அக்காலத்து வைத்தியர் நோயாளியின் மார்பில் நேரே செவிவைத்துக் கேட்பதுண்டு. அப்பெண்ணின் இளமையும் பருத்த உடலும் அதற்கு இடந்தரவில்லை. நீண்ட மரத்தின் ஒருமுனையில் ஊசியாற் கீறினால் மறுமுனையில் செவிவைத்தோர்க்கு அவ்வோசை தெளிவாகக் கேட்கும் என்பதை நினைவு கூர்ந்த லென்னெக், காகிதத்தை இறுகச் சுருட்டி மார்பில் ஒருமுனையும் செவியில் ஒருமுனையுமாக வைத்தார். வெறுஞ் செவிக்குக் கேட்டதினும் தெளிவாக இருதயத் துடிப்புக் கேட்டது. பின்னர்த் தாமே கடைசல் பிடித்து மரக்குழல்கள் செய்தார். இன்று வைத்தியர் கழுத்திலெல்லாம் தொங்கும் ஸ்டெதஸ்கோப்புக்கு மூலம் இதுவே. உயிருள்ளபோது கேட்ட ஒலியை, இறந்தபின் உடலை அறுத்துக் கண்ட நிலையோடு ஒப்பிட்டு, 1819இல் தம் பெருநூலை வெளியிட்டார்.

நுரையீரல் நோய்களில் அவர் கூறியவை பெரும்பாலும் நிலைத்தன. இருதயத்திலோ அவர் தடுமாறினார் என்பதை மறைத்தல் தகாது. இருதயத்தின் இரண்டாம் ஒலி மேலறைகள் சுருங்குவதால் எழுவது என்று கருதினார். துருத்தி ஊதுவது போன்ற ஓசையைக் கேட்டு அதற்குப் பெயரிட்டவரும் அவரே. ஆயினும் 1826இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அதனைத் தசை இசிவின் விளைவென்று கொண்டார். அவ்வாண்டே ஆகஸ்டு 13ஆம் நாள், தாம் நெடுநாள் ஆராய்ந்த காசநோயாலேயே நாற்பத்தைந்தாம் வயதில் மாண்டார். அவருடைய மார்பில் அக்குழலை வைத்துக் கேட்டவர் உறவினராகிய மெரியாதெக் என்பர்.

அவ்வொலிகள் வால்வு எனப்படும் கதவுகள் மூடுவதால் எழுவன என்று 1832இல் ருவானே என்பார் விளக்கினார். சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்று அணைக்கட்டின் மதகுகளைக் கண்ட நம் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். மதகுப் பலகை முழுதும் திறவாதபோது நீர் இரைச்சலிட்டுப் பாயும். சரியாக மூடாதபோது கசியும். முதுமையில் சுண்ணச்சத்துப் படிந்து வால்வு விறைக்குமாயின் இரத்தமும் அவ்வாறே இரைகின்றது.

நடந்தால் மூச்சிரைக்கும் பாட்டனாரை வயதாகிவிட்டது என்று சொல்லித் திண்ணையில் அமர்த்தி விடுகின்றோம். அவரோ இரைப்புக்கு அஞ்சி நடப்பதையே குறைத்துக் கொள்வதால் நோய் மேலும் மறைகின்றது. வால்வு மிகச் சுருங்கி மூச்சிரைப்பும் மயக்கமும் தோன்றியபின், புதிய வால்வு பொருத்தாவிடில், பலர் சில ஆண்டுகளுக்குள் இறக்கின்றனர். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பகுதியில், வால்வு நோய் இருப்பதாக அதுவரை அறியப்படாத 65 வயதுக்கு மேற்பட்ட 2,500 பேரைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நூற்றுக்கு அறுவருக்கு மேல் நடுத்தரமான அல்லது கடுமையான வால்வு நோய் காணப்பட்டது.

லென்னெக்கின் குழல் மட்டும் இதற்குப் போதாது. கூரிய செவியும் பலமுறை தவறுகின்றது. 1953இல் சுவீடன் தேசத்து எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கிய மீயொலிச் சோதனையாகிய எக்கோ, வால்வு அசைவதைக் கண்முன்னே காட்டுகின்றது. மார்பில் களிம்பு பூசிக் கருவியை வைத்துப் பார்ப்பதே அச்சோதனை. ஊசி குத்துவதுமில்லை, அறுப்பதுமில்லை. பாட்டனார் அஞ்ச வேண்டுவதில்லை.