புகையோடு போன பணம்

அந்தக் காலத்தில் குளிர் நாடுகளில் சமையல் அறையில் மட்டும் அல்ல, படுக்கை அறையிலும் நெருப்பு மூட்டுவார்கள். சுவரை ஒட்டி அடுப்புப் போல் கட்டி, மேலே புகைபோக்கி வைப்பார்கள். அதற்குக் கணப்பு என்று பெயர்.

18-ம் நூற்றாண்டில் லண்டன் வீடுகளில் கணப்பு பெரும் தொல்லையாக இருந்தது. கூடை கூடையாக நிலக்கரி போட்டாலும் குளிர் போகாது. சூடு எல்லாம் புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். புகை மட்டும் அறைக்குள் திரும்பி வந்து கண்ணைக் கரிக்கும்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர், ரம்போர்டு பிரபு.

ஓடிப்போனார்

இவருடைய சொந்தப் பெயர், பெஞ்சமின் தாம்சன். 1753-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 2 வயது ஆவதற்குள் தந்தை இறந்துவிட்டார். 13 வயதில் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 19 வயதில் பணக்கார விதவை ஒருத்தியை மணந்தார்.

அப்போது அமெரிக்க மக்கள் இங்கிலாந்து மன்னரை எதிர்த்துக் கிளம்பினார்கள். தாம்சன் மன்னர் பக்கம் சேர்ந்தார். ஊர் மக்கள் கொதித்து எழுந்தார்கள். 1774-ம் ஆண்டு மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஊரை விட்டே ஓடினார். பிறகு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அந்த மனைவியோடு அவர் குடும்பம் நடத்தவே இல்லை.

பிச்சைக்காரர்களுக்கு வேலை

பின்னர் ஜெர்மனியில் உள்ள பவேரியா நாட்டு அரசாங்கத்தில் வேலைக்கு அமர்ந்தார். 1790-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தில், மூனிச் நகரப் பிச்சைக்காரர்களைச் சிப்பாய்கள் பிடித்தார்கள். சிறையில் தள்ளுவதற்கு அல்ல. வேலையும் உணவும் கொடுப்பதற்கு!

இத்தனை பேருக்கும் சமைக்க எவ்வளவு விறகு வேண்டும்? தாம்சன் யோசித்தார். திறந்த அடுப்பில் பெரும் பகுதி சூடு வீணாவதைக் கண்டார். நெருப்பை நாலு புறமும் செங்கல்லால் மூடினார். பாத்திரத்தை அடுப்புக்குள் இறக்கி வைத்தார். கொஞ்சம் விறகில் நிறைய சமையல் நடந்தது.

அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. தான் விட்டு ஓடிய மனைவியின் ஊருக்கு ரம்போர்டு என்று ஒரு பழைய பெயர் உண்டு. அந்தப் பெயரையே பட்டத்துக்குச் சூட்டிக்கொண்டார்.

4 அங்குலம்

1795-ம் ஆண்டு லண்டன் திரும்பினார். பெரிய மனிதர்களின் வீடுகளுக்குப் போய்க் கணப்புகளைத் திருத்தி அமைத்தார்.

அகலமாக இருந்த புகைபோக்கியின் கழுத்தை 4 அங்குலமாகக் குறுக்கினார். பின்சுவரை முன்னால் கொண்டுவந்தார். பக்கச் சுவர்களைச் சாய்வாகக் கட்டச் செய்தார். சாய்ந்த சுவரில் பட்ட சூடு அறைக்குள் திரும்பியது. குறுகிய கழுத்து வழியாகப் புகை மேலே போனது.

புகைபோக்கியைச் சுத்தம் செய்ய அந்தக் காலத்தில் சிறுவர்கள் உள்ளே ஏறுவார்கள். 4 அங்குலத்தில் எப்படி நுழைவது? அதையும் அவர் மறக்கவில்லை. கழற்றி மாட்டக்கூடிய ஓடு ஒன்றை அங்கே வைத்தார்.

புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கொஞ்சம் செங்கல், கொஞ்சம் சாந்து, ஒரு கொத்தனார். இவ்வளவுதான் செலவு.

இதற்கு அவர் பேட்டண்ட் உரிமை வாங்கவில்லை. கொத்தனார் எங்கே கோடு போட வேண்டும், எப்படி அளக்க வேண்டும் என்பதை எல்லாம் படத்தோடு 1796-ம் ஆண்டு அச்சிட்டு வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

விஞ்ஞானம் வீட்டுக்கும் தொழிலுக்கும் பயன்பட வேண்டும் என்று, லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஏற்பட முன்நின்று உழைத்தார். 1799-ம் ஆண்டு தொடங்கிய அந்த நிலையத்தில்தான் பின்னாளில் பாரடே மின்சார ஆராய்ச்சி செய்தார்.

கடைசிக் காலம்

பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியரின் விதவையை ரம்போர்டு இரண்டாவதாக மணந்தார். அந்த மணமும் நிலைக்கவில்லை. 1809-ம் ஆண்டு இருவரும் பிரிந்தார்கள். 1814-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி, பாரீஸ் அருகே ரம்போர்டு காலமானார்.

அவருடைய குடும்ப வாழ்வில் இதம் இல்லை. ஆனால் அவர் சொன்ன அளவில் கட்டிய கணப்புகள், முன்பின் தெரியாத எத்தனையோ குடும்பங்களைக் குளிரிலிருந்து காத்தன. ரம்போர்டு கணப்பு என்ற பெயரிலேயே அவை இன்றும் கட்டப்படுகின்றன.